பிரேக் அண்ணனின் வேண்டுதல்

மலாக்கா மாநிலத்தில் ஓடும் அத்தனை வாகனங்களையும் பிரேக் அண்ணன் தன் வலது காலால்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்றால் நம்பித்தான் ஆகவேண்டும்.

சிம்பாங் அம்பாட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் உட்காரும் பக்கத்து இருக்கைக்குத் தனியாக ஒரு பிரேக் உண்டு. வேலையை விட்டுவிட்டு புக்கிட் பெருவாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கால் ஓயவில்லை. கல்யாண வீட்டில் யாராவது நீட்டிப் பேசினால் தரையை மிதிப்பார். என் காரில் கோழிகூடக் குறுக்கே வராத சாலையில் மிதித்து மிதித்தே கால்மிதியில் ஓட்டை போட்டுவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவி பாக்கியம் அண்ணிக்கே யோசித்தால்தான் வரும்.

அவர் என் காரில் ஏற நேர்ந்ததே மூட்டுவாதத்தால்தான். வயதானால் வருகிற முழங்கால் வலி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுத் தன் மூட்டுகளைத் தாக்குகிற வகை. விரல்கள் வீங்கி மடங்கிப்போய், காலைக் காப்பியைக்கூட இரண்டு மணிக்கட்டுகளால் அணைத்துத்தான் தூக்குவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாததைத்தான் மனிதரால் தாங்க முடியவில்லை. கை திறந்தால் மாசி மகத்துக்குக் கன்னத்தில் அலகு குத்தி வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டார்.

மாத்திரைகள் சரிப்படவில்லை. ஆஸ்பத்திரியில் காசநோய்ச் சோதனை வரைக்கும் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசியைக் கொடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மருந்து என்று மிஸி விளக்கினார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம்.

"பிரேக்குதானே மிஸி. நமக்குத் தெரியாததா?" என்றார் அண்ணன்.

அன்றே குளிர்பெட்டியின் நடுத்தட்டில் மஞ்சள் டேப்பால் கட்டம் போட்டார். வண்டி நிற்கக்கூடாதென்று சாலைச் சந்திப்பில் போட்டிருக்குமே, அதே கட்டம். அதற்குள் நெத்திலிச் சம்பல்கூட நிற்கக்கூடாது. ஒருமுறை அண்ணி தோசைமாவுக்கு இடம் பண்ண ஊசியைத் தூக்கி உறைபெட்டியில் வைத்துவிட்டார். உறைந்த மருந்து உருகினாலும் உதவாதென்று மிஸி சொல்லியிருந்ததால், வேறு ஊசி வாங்க மறுபடியும் என் கார், மறுபடியும் மிதி. "கட்டிக்கிட்டு வந்த எனக்கு ஒரு தட்டு ஒதுக்கல, ஊசிக்குப் பார்க்கிங் போட்டுருக்காரு லா" என்று அண்ணி தெருவுக்கே சொன்னார்.

ஊசி நாளன்று மருந்தை முன்கூட்டியே வெளியே எடுத்து, குளிர் தானாக விடும்வரை பக்கத்திலேயே காவல் இருப்பார். வெந்நீரில் வைத்தாலென்ன என்று கேட்ட எனக்கு முறைப்புதான் பதில். போனமுறை வயிற்றின் இடப்பக்கம் என்றால் இந்தமுறை வலப்பக்கம். குத்துமுன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். முடிந்ததும் ஆஸ்பத்திரி கொடுத்த கெட்டி டப்பாவுக்குள் ஊசி போய்விடும். தனக்குக் காய்ச்சல் என்றால் சிவப்பு விளக்கு. ஊசி கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன். வருகிறவர்களுக்குச் சளி, இருமல் உண்டா என்று கேட்டிலேயே விசாரணை நடக்கும். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்த ஒருவர் தும்மித் தொலைக்க, பத்திரிகையை கேட்டில் செருகிவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

சில மாதங்களில் விரல்கள் திறந்தன. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், வீட்டு வாசலில் நிற்கிற தன் காரில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் ஓடவில்லை. கண்ணில் மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேண்டுதல் பாக்கி இருந்ததே! அலகுக்காக ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று மிஸியிடம் கேட்டார்.

"நீங்களா நிப்பாட்டக் கூடாது அங்கிள். அலகும் வேணாம், டாக்டரும் அதான் சொல்றாரு. இந்த மருந்து ஓடுறப்போ புண்ணுல கிருமி பூந்துச்சுன்னா ஒடம்பு சரியா சண்ட போடாது."

ஆஸ்பத்திரியிலிருந்து என் காரில் திரும்பி வரும்போது அண்ணன் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் வந்தது. கால் அசையவே இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்.

"வாக்குக் குடுத்துட்டேன் தம்பி."

அப்புறம் மாசி மகம் வரைக்கும் அவர் சரியாகப் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் குத்திக்கொண்டு வந்து நிற்பாரோ என்று அண்ணி கோயிலில் அவர் வேட்டி நுனியை விடவே இல்லை. அலகு குத்தும் இடத்தில் அண்ணன் நின்றார். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அப்படியே திரும்பி, பால்குடம் எடுப்பவர்களின் வரிசைக்கு வந்துவிட்டார்.

சன்னிதியில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்: "முருகா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வயித்துல குத்திக்கிறேன். அதையே அலகா வச்சுக்க. ஒருநாள் குத்திட்டு ஓடிப்போறவன் இல்ல நான்."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். காப்பிக் குவளையைத் தூக்க முடியாதிருந்த விரல்கள் தலைக்கு மேல் பால்குடத்தைப் பிடித்திருந்தன. ஒரு சொட்டு சிந்தவில்லை.

போன வாரம் அண்ணி மீன்குழம்பு வைத்துவிட்டு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டு கேட்டில் கை வைத்தபோது மூக்கில் லேசாகத் தும்மல் முட்டியது. என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. குழம்பு வாசனையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.