ஆறு பாத்ரூம் அக்கா

சொந்தக் காசைச் செலவழித்துச் சொந்த வீட்டின் விலையைக் குறைத்துக்கொண்ட மனுஷி, சித்தூரிலிருந்து திருப்பதிவரை சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். தெருவில் அவருக்குப் பெயர் பாத்ரூம் அக்கா. நிஜப் பெயர் வீட்டுப் பத்திரத்தில் இருந்தது. அதை வரி விடாமல் படித்த எனக்கே இப்போது மறந்துவிட்டது.

கடன் போட்டு வீடு வாங்குகிறவர்களுக்காக, அந்த வீடு என்ன விலை பெறும் என்று பார்த்து வங்கிக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அப்படித்தான் திருப்பதியில் அக்கா வீட்டுக்கு முதலில் போனேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். பிளானில் மூன்று பெட்ரூம். ஒரு பெட்ரூம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்தேன், கமோடு. இன்னொன்றைத் திறந்தேன், அதன் தங்கச்சி.

"அக்கா, இங்க ஒரு பெட்ரூம் இருக்கணுமே?"

"இருந்துச்சி சார். நடுவுல செவுரு வெச்சி ரெண்டு பாத்ரூம் கட்டிட்டேன்."

"அப்ப தூங்கறது?"

"தூக்கம் ஹால்ல வரும், மாடியில வரும், பஸ்ல நின்னுக்கினே கூட வரும். இத எங்க வேணும்னாலும் போவ முடியுமா? நீயே சொல்லு."

நான் விலையைக் குறைத்து எழுதினேன். வாங்க வந்தவர் காணாமல் போனார்.

அடுத்த ஆளாகப் பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் அகப்பட்டார். என்னையே மறுபடி அனுப்பினார்கள். அதற்குள் பூஜை அறையிலும் டைல்ஸ் ஏறி, வீட்டில் முதலிலேயே இருந்த ஒன்றையும் சேர்த்து, நான்காவது பாத்ரூம் பளபளத்தது. வியாபாரி ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அன்னீ பாத்ரூம்லே! இல்லு எக்கட சார்?" என்றார். எல்லாமே பாத்ரூமாக இருக்கிறதே, வீடு எங்கே என்று தெலுங்கில் கேட்கிறாராம். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஈசானிய மூலை அக்கா! அங்க சாமி இல்ல இருக்கணும்?" என்று நான் பதறினேன்.

"சாமி மலை மேல சௌரியமா கீறாரு. ஜனங்கதான் கீழ அவஸ்தப்பட்டுக்கினு கீது."

வியாபாரி போகும்முன் தயங்கித் தயங்கி ஒரு கதவைக் காட்டி அனுமதி கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்து முகமெல்லாம் தெளிந்து வெளியே வந்தார். "பாத்ரூம் சால பாகுந்தி," என்று மனதாரப் பாராட்டினார். வீடு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் டீ கொடுத்துக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னார். நாகலாபுரம் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். படித்து, அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆனவர். சித்தூர்–திருப்பதி ரூட்.

"டிரைவரு புத்தலப்பட்டு தாண்டி மரத்துப் பக்கம் நிறுத்தினு போயிடுவாரு. நான் இன்னா பண்றது? காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன் சார். கிட்னில கல்லு வந்து ரெண்டு வாட்டி படுத்தேன். ரிடையர் ஆயி காசு வந்துச்சி. நக வாங்கலாமா, நெலம் வாங்கலாமான்னு எல்லாரும் கேட்டாங்க. எனுக்கு வேற ஒண்ணும் தோணல."

மூன்றாம் முறை போனபோது கார் நிறுத்தும் இடம் போயே போய்விட்டது. அங்கே இரண்டு பாத்ரூம், தெருவைப் பார்த்த கதவுகளோடு! பூக்காரப் பெண்களும், பக்கத்துக் கடைகளில் நின்றே வேலை பார்க்கும் பெண்களும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உள்ள காலி, உள்ள காலி, முன்னாடி போ!" என்று கூவிக்கொண்டிருந்தார். டிக்கெட் மட்டும்தான் கிழிக்கவில்லை. 'குடியிருக்க ஏற்றதல்ல' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதோடு ஆள் வருவதே நின்றது.

அந்த வருஷம் கருட சேவை அன்று, எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஊரெங்கும் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. அவள் என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, அவசரமா போவணும். இதுக்கு மேல தாங்காது."

பக்கத்து லாட்ஜில் கெஞ்சினேன். ரூம் எடுத்தால்தான் என்றார்கள். ஓட்டலில் பாத்ரூமுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஊரில் எத்தனையோ வீடுகளை அளந்தவன் நான். ஒரு கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு என்பது உறைத்தது. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடத்தினேன்.

வாசலில் நீள வரிசை. அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வழி வுடுங்க! புள்ளத்தாச்சி பொண்ணு வருது! ஏம்மா, அந்தக் கடைசி ரூம்ல கைப்பிடி வெச்சிகீறேன், புடிச்சினு உக்காரு. தாப்பா போடாத, நான் வெளிய நிக்கறேன்."

என் மனைவி வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். "பயப்படாம குடி. இங்கதான் ஆறு கீதே." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அக்காவுக்கு நன்றி சொல்ல வாய் திறந்தேன். "ஆம்பளைங்க ஓரமா நில்லு," என்று என்னை விரட்டிவிட்டார்.

மறுநாள் அவருடைய மகனுக்குப் போன் செய்து, நடந்ததையும் அக்கா பஸ்ஸில் பட்ட பாட்டையும் சொல்லி, வீட்டை விற்கவேண்டாம் என்றேன்.

"விக்கணும்னாலும் யாரு சார் வாங்குவாங்க?" என்றார். பிறகு, "அம்மா தண்ணி குடிக்காம வேலைக்குப் போனது எனக்குத் தெரியாது சார்," என்றார். அடுத்த மாதம் அந்த மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று புதிதாக ஏறியது.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். திருப்பதியில் எங்கே போவதென்றாலும் என் மனைவி அந்தத் தெரு வழியாகத்தான் வண்டியை விடச் சொல்கிறாள். உள்ளே போகவேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதில்லை. அக்கா நாற்காலியில் இருக்கிறாரா என்று மூன்று பேரும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.