மதில் தள்ளியார்

ஒரு மேடையும் ஏறாமல் ஊரையே தம் பின்னால் அணிவகுக்கச் செய்தவர் இந்தக் குடாநாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் உரும்பிராய் மதில் தள்ளியார். பட்டிமன்றங்களில் தொண்டை வற்ற முழங்கியும் முன்வரிசையைத் தாண்டி எவரையும் அசைத்தறியாத நான், இதை வணக்கத்துடன் எழுதுகிறேன்.

மருதனார்மடம் சந்தையின் சீமெந்துத் தரையில், தேய்ந்த செருப்போடு நாள் முழுதும் நின்று மரக்கறி விற்றவர் அவர். ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கி முதலடி வைத்தபோது குதிக்காலில் ஆணி இறங்கியது போலிருந்ததாம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த வைத்தியர், எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்.

"முள்ளு இருந்திட்டுப் போகட்டும், டொக்டர். கோயில் கொடியேற முதல் நோ போகுமோ?"

பிள்ளையார் கோயில் திருவிழாவில் சுவாமி காவும் முன்தடி அவர் தோளுக்குரியது. வெறுங்காலோடுதான் காவ வேண்டும். அந்த இடத்தை இன்னொருவருக்கு விடுவதைவிடக் காலையே விட்டுவிடலாம் என்பது அவர் கொள்கை.

மெத்தென்ற செருப்பு, இடையிடையே உட்கார்ந்து ஓய்வு, கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி என்று வைத்தியர் விதித்தார். அன்றே வீட்டினுள்ளும் செருப்பு நுழைந்தது.

"அடுப்படிக்குள்ளை செருப்போ! சாமியறைப் பக்கம் வந்து பாருங்கோ, தெரியும்!" மனைவி அகப்பையை ஓங்கினார்.

சந்தையிலோ, உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டியபடியே தக்காளி நிறுத்தார். பயிற்சிக்குச் சுவர் வேண்டும். வீட்டு வேலி தகரம், சாய்ந்தால் அதுவும் சேர்ந்து சாயும். ஆகவே காலைப் பூசை முடிந்ததும் கோயில் மதிலில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, கண்மூடி நிற்பார்.

"அண்ணை, உது என்ன நேர்த்திக்கடன்?" என்றார் பின்னால் நின்ற பெண்மணி.

"நேர்த்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. குதிக்கால் நோ."

"மறைக்காதேங்கோ, அண்ணை. என்ரை பெடியனுக்குக் கனடா விசா இன்னும் வரேல்லை." அவரும் மதிலில் கை வைத்தார்.

அடுத்த வெள்ளி, மதிலில் கை வைக்க இடமில்லை. கோயில் தலைவர் ஓடிவந்தார்.

"மதில் விழுந்தால் ஆரப்பா கட்டுறது?"

நம்மவர் திரும்பியும் பார்க்கவில்லை. "பின்குதி நிலத்திலை முட்டவேணும்! பின்காலை மடிக்காதேங்கோ!" என்று வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தார். விசா வந்ததோ, அறியேன். சந்தைக்காரர் பலரின் குதிக்கால் நோ மட்டும் குறைந்தது.

மாதங்கள் சென்று கொடியேறியது. முன்தடியைத் தோளில் ஏற்றி அவர் முதலடி வைத்தார். ஊர் மூச்சைப் பிடித்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. வெளிவீதியில் அந்த மதிலருகே வந்ததும், ஒரு கையை எடுத்து அதை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

எல்லாரும் தலைநிமிர்ந்து சுவாமியைக் கும்பிட்டார்கள். நான் குனிந்து, மணல் படிந்த அந்தக் குதிக்காலையும் கும்பிட்டேன்.