அங்கே ஒருதரம்தான் கேட்பார்கள்

பிக்கரிங்கில் வாழும் என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பெரியம்மாவுக்கு,

டோர்செட் பார்க்கில் இருக்கும் உங்கள் தங்கையின் மகள் அட்சயா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி உங்களிடம் சலித்துப்போய் வேறு முழங்கால் தேடிப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் மறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். நீங்கள்தானே அம்மாவை நம்பாமல் என்னிடம் சொன்னீர்கள், "பிள்ளை, நீதான் பொய் சொல்லாதவள். அவள் வைன் ஊத்திக் குடுக்கிற இடம் எப்பிடிப்பட்டது எண்டு பாத்து எழுது" என்று. உங்கள் மகள் யதுஷா அக்காவின் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. இன்று நிரந்தரமாக்காவிட்டால், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் மார்க்கம் நகரத்துப் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் அவர் திங்கட்கிழமை போய் உட்கார வேண்டும். தன் பல்லைத் தவிர வேறு யாருடைய பல்லையும் பார்க்க அக்காவுக்குப் பயம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பெரியம்மா, வைனை ருசிபார்த்து வாங்கும் இந்த இடம் நூலகம் மாதிரி! எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள், மணக்கிறார்கள், யோசிக்கிறார்கள். நானும் அம்மாவும் திராட்சைச் சாறுதான் குடித்தோம், அம்மா கார் ஓட்ட வேண்டும். கறுப்புச் சட்டையோடு நின்ற அக்கா அப்பாவுக்கு முன்னால் ஒரு வாய் வைனை ஊற்றிவிட்டு, இதில் செர்ரியும் மழையில் நனைந்த மண்ணும் பழைய தோலும் மணக்கும் என்று அழகாகச் சொன்னார். "மண்ணும் தோலும் மணக்குதெண்டா கழுவிப்போட்டு வித்திருக்கலாமே பிள்ளை," என்றார் அப்பா. "அதோட உது என்ன, கண்ணுக்கு மருந்து விடுற அளவு?" அடுத்து அக்கா ஒரு தட்டு நிறையச் சீஸ் கொண்டுவந்து வேண்டுமா என்று கேட்டார். அப்பா எந்த வீட்டிலும் சொல்வதையே சொன்னார்: "இல்லைப் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்." அக்காவுக்குப் பின்னால் அவருடைய மேலாளர் வேரோனிக்கா நின்றார். விருந்தினரைச் சிரித்த முகத்தோடு ஒருதரம் கேட்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்பது அங்கே சட்டம். அக்கா பாவம், அப்பாவைப் பார்த்தபடியே தட்டை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனார். அப்பாவின் கண்ணும் கூடவே போனது. "காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை, பெரிய மரியாதை காட்டுறியள்," என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து அடுத்த மேசைக்காரர் வாயில் இருந்த வைனைச் சின்ன வாளிக்குள் துப்பினார். "ஐயோ! ஊத்திக் குடுத்த பிள்ளைக்கு முன்னாலயே துப்புறான்!" என்று அம்மா எழும்பிவிட்டார். பலவற்றைச் சுவைக்கிறவர்கள் துப்புவதுதான் வழக்கம், அது அவமதிப்பு இல்லை என்று நான் விளக்கினேன். யார் கேட்டார்கள்? பையிலிருந்து மட்டன் ரோல்ஸை எடுத்துக்கொண்டு அம்மா அவரிடம் போய், "வாய்க்குப் பிடிக்கேல்லையெண்டா இதைச் சாப்பிடுங்கோ தம்பி," என்றார். தம்பிக்கு எழுபது வயது இருக்கும். அவர் வேண்டாம் என்றார், அம்மா ஒன்று வைத்தார். கையால் மறித்தார், விரலிடுக்கால் இன்னொன்று வைத்தார். தின்றுவிட்டு அவர், ரோல்ஸுக்கு எந்த வைன் பொருத்தம் என்று அக்காவிடம் கேட்டு ஒரு பெட்டியே வாங்கினார்! வெளிச் சாப்பாடு கூடாது என்று சொல்ல வந்த வேரோனிக்காவின் கையிலும் ஒன்று ஏறிவிட்டது.

கடை மூடும் நேரம் வேரோனிக்கா எங்கள் முன்னாலேயே அக்காவிடம், விருந்தினருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, நிரந்தரமாக இருக்க விருப்பமா என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்து, ஐயோ வேண்டாம், என்னைவிடக் கெட்டிக்காரர் இருப்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீங்கள் அவரை அவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறீர்கள், பெரியம்மா! நம் வீடென்றால், "சும்மா இரு பிள்ளை" என்று சொல்லி வேலையைக் கையில் திணித்திருப்பார்கள். வேரோனிக்காவோ, வருத்தம்தான், உங்கள் முடிவை மதிக்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்காவின் கை இன்னும் அந்தரத்தில் நிற்கிறது.

ஆகவே பெரியம்மா, இடம் மிகவும் கண்ணியமானது, உபசரிப்பு மிகச் சிறந்தது, வேலை போய்விட்டது. பல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாளாச்சி உங்களையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு, மூலை மேசையிலிருந்து,
அட்சயா

பி.கு.: பல் வைத்தியரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்! எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப்போய், எங்கள் ஆட்களின் முதல் "வேண்டாம்" வெறும் வணக்கம் மாதிரித்தான் என்று வேரோனிக்காவுக்கு விளக்கினேன். அவர் ரோல்ஸை மென்றபடி யோசித்தார். வெளியே வந்து வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டார். அக்கா, நம்புவீர்களோ தெரியாது, திரும்பவும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்! "ஓம் எண்டு சொல்லடி, விசரி!" என்று அம்மா அக்காவின் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். "ஓம்!" என்று அக்கா அலறினார். அது சம்மதம் என்று வேரோனிக்காவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம், பெரியம்மா! வேரோனிக்கா சாவியோடு வாசலில் நிற்கிறார். அக்கா அழுகிறாரா, சிரிக்கிறாரா என்பதையும் உண்மையாக எழுத வேண்டுமென்று நிமிர்ந்து பார்த்தேன், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.