நகக் காக்காவும் கறுப்புக் கதவும்

ஏறாவூரில் தொடங்கிக் கல்குடாக் கடற்கரை வரைக்கும் ஓடித் திரிகிற கறுப்புக் கார்கள் அத்தனையின் மானமும் ஒரே ஒரு மனிதரின் கட்டைவிரல் நகத்தில்தான் தங்கியிருந்தது. சிரிக்க வேண்டாம். அந்த நகத்துக்குப் பயந்து வாகனம் ஓட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஏறாவூரில் கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். நகக் காக்கா என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். வயதில் மூத்தவரைக் காக்கா என்பது அந்த ஊர் வழக்கம். எனக்கு அறுபத்தெட்டு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பவர் அவர்தான்.

வேலை என்னவென்றால், கார் பெயிண்டில் விழுகிற மெல்லிய கீறல்களை எடுப்பது. அதுவும் கறுப்புக் கார் மட்டும். வெள்ளைக் கார் கொண்டுபோனால் தேத்தண்ணி தந்து திருப்பி அனுப்புவார்.

"வெள்ளக் காரு ரகசியம் காக்கும் தம்பி. எத்தின கீறல் விழுந்தாலும் வாயத் தொறக்காது. கறுப்புக் காரு அப்பிடியில்ல. வெயில்ல வெச்சாப் போதும், ஊரக் கூட்டிச் செல்லிரும்."

கீறலைக் கண்ணால் பார்த்து அவர் ஒருநாளும் முடிவு சொன்னதில்லை. வலது கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேலோடு, எடுக்கலாம். நகம் தட்டி நின்றால் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. திரும்பப் பெயிண்ட் அடிக்கிற கராஜுக்குப் போகச் சொல்லிவிடுவார். ஒரு டாக்டரும் இவ்வளவு கெதியாக நோய் சொல்ல மாட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னம் அவர் நகம் வெட்டிவிடுவார். அது மார்க்க வழக்கம். வெட்டினால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் கீறல் பார்க்க மாட்டார். தொழுகைக்கும் குறையில்லை, தொழிலுக்கும் குறையில்லை. குறையெல்லாம் வெள்ளிக்கிழமை காரைக் கீறினவனுக்குத்தான். ஏறாவூர் ட்ரைவர்மார் வியாழக்கிழமை வரைக்கும் ஒரு மாதிரி ஓடுவார்கள், வெள்ளிக்கிழமை வேறு மாதிரி ஓடுவார்கள்.

நான் கீறினது ஒரு வெள்ளிக்கிழமை.

எங்கே விட்டேன்? ஆ, என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நான் லொறிக்காரன். ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்கு நெல் ஏற்றிக்கொண்டு ஓடின காலத்தில் கீறல் என்பது லொறிக்கு நகை மாதிரி. எத்தனை கீறலோ அத்தனை அனுபவம். முதுகு ஏலாமல் போனபிறகு செங்கலடியில் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்குக் கார் ஓட்ட வந்தேன். கறுப்புக் கார். முகம் பார்த்துத் தலை சீவலாம். பிள்ளைகள் எல்லாம் தூரத்தில். எனக்கென்று காலையில் எழும்பிப் போக ஓர் இடம் இருந்தது என்றால் அந்தக் கார்தான்.

அன்றைக்கு அம்மாவின் கேற்றுக்குள் திருப்பும்போது இடப்பக்கத்தில் சர்ர் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்கதவில் மதிலோரத்துக் காகிதப்பூ முள் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறது. அந்த மரம் ஆறு வருசமாக அங்கேதான் நிற்கிறது. அன்றைக்கு மட்டும் முன்னுக்கு வந்து நின்றதுபோல் எனக்குக் கோபம்.

வீட்டுக்குள் இருந்த அம்மா காண்பதற்குள் ஏறாவூருக்குப் பறந்தேன். காக்கா ஜும்ஆ முடிந்து வந்து கதிரையில் இருந்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது.

"காக்கா, வேற ஆற்ற நகத்தாலயாவது பாருங்களன். இந்தா, என்ட நகம் இரிக்கி."

"ஒன்ட நகத்துக்கு என்ன தெரியும்? அது லொறி நகம். செவ்வாக்கிழம வா."

நாலு நாள் அந்தக் கோட்டோடு எப்படி ஓடுவது? சனிக்கிழமை விடிய கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை எடுத்துக் கோட்டில் தேய்த்தேன். கோடு மறைந்தே போய்விட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கு அம்மா கோயிலுக்கு வெள்ளைச் சாறி உடுத்துக்கொண்டு வந்து, கதவில் சாய்ந்து நின்று போன் பேசினா. திரும்பினா. முதுகில் ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

"என்ன அண்ணன் இது?"

"நேத்துத்தான் கார் பொலிஷ் பண்ணினனான் அம்மா. காயல்ல போல."

"பொலிஷ் பண்ணினா மினுங்கும் எண்டுதான் நான் கேள்விப்பட்டிருக்கன்," என்று சொல்லிவிட்டு வேறு சாறி மாற்றப் போனா.

செவ்வாய்க்கிழமை இந்தக் கதையைச் சொன்னதும் காக்கா தலையில் கை வைத்தார். "மறைக்கிற வேற, எடுக்கிற வேற தம்பி. மறைக்கிறண்டா ஒவ்வொரு மழைக்கும் மறைக்கணும். ஒவ்வொரு சாறிக்கும் மறைக்கணும்."

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகும் தண்ணீர். ஒரு மணல் இருந்தாலும் அது நூறு கீறல் போடும் என்பார். நான் காரைத் துடைக்கிற துணியைக் கண்டுவிட்டு, "நீ தொடைக்கல்ல, உழுறாய்," என்று அதைக் குப்பையில் போட்டார். கழுவிக் கழுவிப் பூவாய்ப் போன பழைய சாரத்துண்டில் நிலக்கடலை அளவு கொம்பவுண்ட் பசை எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் வெக்ஸ் பூசினார்.

"கீறல எங்க காக்கா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கீறல் போகல்ல. வயல் வட்டைக்குள்ள வாய்க்கால் ஒண்டு வெட்டுப்பட்டா என்ன செய்வாய்? அதுக்குப் போட மண் இல்ல. ரெண்டு பக்கத்து நெலத்தையும் செதுக்கி இறக்கி, வாய்க்காலுக்குச் சமனாக்கிற. அதான் இது. ஒரு கீறலுக்காகச் சுத்தியிருக்கிற நல்ல பெயிண்டெல்லாம் கொஞ்சம் தேய்ஞ்சு குடுக்கிது. ஒரு கதவு ரெண்டு தரம் தாங்கும். மறுகா ஏலாது."

இந்த வார்த்தையை நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

மூன்று கிழமையில் இரண்டாவது கீறல். கிளுவை வேலி, அதே பின்கதவு; காக்கா அதையும் தேய்த்து எடுத்துத் தந்தார். அடுத்த மாதம் மூன்றாவது. அது முன்கதவில், ஒரு சைக்கிளின் ஹேண்டில். சைக்கிள் சும்மா நிறுத்தித்தான் இருந்தது. மூன்றாம் தரம் காக்கா சாரத்துண்டை எடுக்கவே இல்லை. முன் மட்கார்டிலிருந்து பின் பம்பர் வரைக்கும் நகத்தை இழுத்துக்கொண்டு நடந்தார். வலப்பக்கமும் அப்படி நடந்தார். பிறகு வந்து, கொம்பவுண்ட் மணக்கிற உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார்.

"எத்தின விரல் செல்லு."

"மூண்டு."

"ரெண்டாந்தரம் பாத்துச் செல்லு."

"நாலு."

கையை எடுத்தார். அவர் காட்டிக்கொண்டிருந்தது வெக்ஸ் டின்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாக் கீறலும் இடப்பக்கம். காரில பிழையில்ல தம்பி. ஒன்ட இடக்கண்ணுல பிழை. இண்டைக்கு நிக்கிற சைக்கிள். நாளைக்கு அதுல ஆரும் ஏறி இருப்பாங்க."

"காக்கா, கண் தெரியாது எண்டா அம்மா என்ன வெச்சிருக்க மாட்டா. இத மட்டும் எடுத்துத் தாங்க. மறுகா நான் கண்ணக் காட்டுறன்."

"நீ கண்ணக் காட்டிப்போட்டு வா. அது மட்டும் இந்தக் கீறல் இதுலயே கிடக்கட்டும்."

கெஞ்சினேன். ஏசினேன். கிழட்டு நகம் என்றும் சொன்னேன். மனிதன் அசையவில்லை. அந்தக் கீறலோடு செங்கலடிக்கு மாட்டு வண்டில் வேகத்தில் வந்தேன். வழியெல்லாம் இதுதான் கடைசி ஓட்டம் என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே வந்தேன். வந்து அம்மாவிடம் முள்ளையும் சொன்னேன், வேலியையும் சொன்னேன், சைக்கிளையும் சொன்னேன், கண்ணையும் சொன்னேன்.

அம்மா போய் முன்கதவுக் கீறலைத் தடவிப் பார்த்தா. பிறகு, "முதல்லயே சொல்லியிருந்தா என்ட சாறியாவது தப்பியிருக்கும் அண்ணன்," என்றா. "கண்ணச் சரியாக்கிக்கொண்டு வாங்க. டாக்டர் ஓடலாம் எண்டு எழுதித் தந்தாத்தான் கார்த் திறப்பத் தருவன்."

மட்டக்களப்பு டவுணில் இடக்கண்ணில் முற்றின வெண்படலத்தை எடுத்தார்கள்; வலக்கண்ணிலும் தொடங்கியிருந்ததாம். அடுத்த கிழமை உலகம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. வாவித் தண்ணீர் இவ்வளவு நீலமா என்று கல்லடிப் பாலத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகும் சில கிழமை சொட்டு மருந்து, சோதனை. கடைசியில் எழுதித் தந்தார்கள். கடிதத்தைக் கொடுத்துத் திறப்பை வாங்கிக் காரை வெயிலில் எடுத்தேன்.

பின்கதவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சிலந்தி வலை. வட்டம் வட்டமாக, நுணுக்கமாக, வெயில் பட்ட இடமெல்லாம் கொம்பவுண்டின் தேய்ப்புத் தடம். ஒழுங்காகக் கண் தெரிகிற எவனும் அந்தக் கதவை அப்படி விட்டு வெக்ஸ் பூசியிருக்க மாட்டான். வேலை செய்தவருக்கும் அது தெரியவில்லை, வேலை செய்வித்தவனுக்கும் தெரியவில்லை. அவர் ஏன் கண்ணால் பார்க்காமல் நகத்தால் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் எனக்கு அப்படிச் செய்யவில்லையே. நேரே போய் அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"காக்கா, எத்தின விரல்?"

அவர் பதறவில்லை. கட்டைவிரல் நகத்தால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். "மூண்டு. யாருக்கிட்ட விளையாடுறாய்?"

மூன்றுதான். என்ன செய்வது!

அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. கடைசியில், "நீங்க கண்ணக் காட்டும் மட்டும் இந்தக் கீறல் இதுலயே கிடக்கும்," என்று அந்தச் சைக்கிள் கீறலோடு காரைக் கொண்டுபோய் அவர் வாசலில் தினமும் நிறுத்தினேன். அவர் சொன்ன வார்த்தையே அவரை மடக்கியது.

கண் தெளிந்தபிறகு மனிதருக்கு வேறு வருத்தம் பிடித்தது. தான் தொட்ட கறுப்புக் கார்களைத் தேடித் திரிகிறார். சந்தியில் காரை மறித்து, "இறங்கு. இது நான் கெடுத்த கதவு. சும்மா செஞ்சு தாறன்," என்கிறார். இருக்கிற பெயிண்டும் தேய்ந்துவிடும் என்று பயந்து ட்ரைவர்மார் இப்போது வெள்ளிக்கிழமைக்கு மட்டுமில்லை, கிழமை ஏழு நாளும் பயந்து ஓடுகிறார்கள்.

செங்கலடிக்கும் பஸ்ஸேறி வருகிறார். சைக்கிள் கீறலை முதல் வரவிலேயே எடுத்துவிட்டார். இந்தமுறை வட்டமும் இல்லை, வலையும் இல்லை. அது முன்கதவு. பின்கதவைக் கேட்டுத்தான் திரும்பத் திரும்ப வருகிறார். அந்தக் கதவு இனித் தாங்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் பஸ்ஸில் வருகிறார் என்று தெரிந்தால் நான் காரைப் பெரிய வேம்புக்குக் கீழே தள்ளி வைத்துவிடுவேன். காக்கா வந்து பின்கதவில் நகத்தை மெல்ல இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போகும்.

"நல்லாத்தான் இரிக்கி, என்ன தம்பி?"

"கண்ணாடி மாதிரி, காக்கா."

வெயிலில் எடுத்துக் காட்டச் சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை. வெயில் சாய்ந்து நிழல் நகர்ந்தால், பேசிக்கொண்டே காரையும் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன்.