மென்மையான கம்பு ரொட்டி

மேலாளருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஆகவே அலுவலகத்தார் அனைவரும் இனி மதியம் கம்பு ரொட்டியே உண்ண வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒருத்தருக்கு வியாதி வந்தால் ஊரே பத்தியம் இருப்பதுதானே நிர்வாகம்!

கேன்டீன் மாஸ்டருக்கு ஒரே குஷி. கையாலேயே தட்டி, கல்லில் போட்டு, சுடச்சுட எடுத்து வைத்தார். முதல் கடியிலேயே மேலாளருக்கு முகம் கோணியது.

"என்னய்யா இது, சொரசொரன்னு இருக்கு?"

"கம்புங்கய்யா. அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும்னா? அப்படியே விட்டுடறதா? இந்த மாசம் உன் குத்தகையைப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா?"

அந்தக் கேன்டீனை நம்பித்தான் மாஸ்டர் வீட்டில் அடுப்பே எரிந்தது. மறுநாள் பாதிக்குப் பாதி கோதுமை கலந்தார். 'ஓரம் வெடிப்பது வருந்தத்தக்கது' என்று குறிப்பு வந்தது. மைதா சேர்த்தார். 'நிறம் திருப்திகரமாக இல்லை' என்றது அடுத்த குறிப்பு. போதுமடா சாமி என்று கம்பை அடியோடு நிறுத்தினார். ரொட்டி வெள்ளை வெளேரென்று உப்பி வந்தது. மேலாளர் மூன்று சாப்பிட்டார்.

"இதான்யா கம்பு! உடம்பே லேசான மாதிரி இருக்கு!"

மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, இதுல கம்பே இல்லீங்க."

"சுற்றறிக்கையில கம்பு ரொட்டின்னு போட்டிருக்கு. கையெழுத்து என்னோடது. அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயையோ, இல்லீங்கய்யா!"

"அப்போ கம்பு இருக்கு."

இருந்தது. குத்தகையும் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த பரிசோதனையில் மேலாளருக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. கம்பு போதவில்லை என்று முடிவாகி, ஆளுக்கு இரண்டு ரொட்டி கூடுதலாக்கப்பட்டது. மாஸ்டருக்குக் 'கம்பு வல்லுநர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மற்ற அலுவலகங்களுக்கும் போய்க் கம்பின் மகிமையைப் பேசச் சொன்னார்கள். பாவம், முதலில் அவருக்கு நாக்கு கூசத்தான் செய்தது. கைதட்டல் கேட்கக் கேட்க அதுவும் சரியாகிவிட்டது.

கேன்டீனில் சீந்துவாரில்லாமல் கிடந்த கம்பை ஒருநாள் வீட்டுக்கு எடுத்து வந்தார். மனைவி அதை அரைத்து, கையால் தட்டி, சுடச்சுடத் தட்டில் வைத்தாள். வல்லுநர் ஒரு வாய் கடித்தார். முகம் கோணியது.

"என்னடி இது, சொரசொரன்னு இருக்கு?"

"கம்புங்க. அப்படித்தான் இருக்கும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ரெண்டு கொண்டு வர்றேன். கம்பு ரொட்டின்னா எப்படி இருக்கும்னு பார்த்துக் கத்துக்கோ!"