வயர் எட்டாது

தடுக்கி விழுந்தபோது டீ என் கையில் இருந்தது. எழுந்தபோது அது ஒரு பாலத்தின் மேல் இருந்தது. நான் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன். காலையிலிருந்து சிவப்பு மையில் திருத்தம் எழுதி வைத்திருந்த படம் அது. தூண்கள் டீயில் நின்றன.

தடுக்கியது வயர். என் அறைக் கதவுக்கு ஒரு பக்கம் சுவரில் மோடம். மறுபக்கம் மேஜையில் அலுவலகம் கொடுத்த பிரிண்டர். இரண்டுக்கும் நடுவே, வாசற்படிக்குக் குறுக்கே, நீலமாகக் கிடந்தது அது.

"இன்னியோட இந்த வயர் ஒழிஞ்சது" என்று கத்தினேன்.

ஹாலில் என் மனைவி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். எதிரே ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். சட்டம் தெரிந்தவர்தான். நீதிபதியைப் பார்த்தால் மட்டும் முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும். என் பக்கம் திரும்பாமல் அவரிடம் சொன்னாள்: "அந்தச் சத்தத்தைக் கவனிக்காதீங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க."

நானும் விட்டேன். கோபம் குறையவில்லை.

வீட்டில் கதவை மூடிக்கொள்ளக் கூடிய உபரி அறை என்னுடையது ஒன்றுதான். அவளிடம் வருகிறவர்கள் ஹாலில் திக்கித் திக்கிப் பேசக் கூசுகிறார்கள், கூரியர்காரன் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள், அந்த அறை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று வகுப்பு ஆரம்பித்த புதிதில் கேட்டாள். மோடம் இந்த அறையில்தான் இருக்கிறது, அலுவலகப் பிரிண்டரை வயர் மூலம்தான் இணைக்க முடியும், பிரிண்டரை விட்டு நான் நகர முடியாது என்று விளக்கினேன். ஹாலுக்கு வயர் எட்டாது என்று முடித்தேன்.

"எட்டாதா? சரி" என்று போய்விட்டாள்.

அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் என் அறைக்குள் வரும்போதெல்லாம் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, படுத்திருக்கும் எருமையைத் தாண்டுகிறவள் போல வயரைத் தாண்டுவாள். தாண்டியதும் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். அதற்குப் பதில் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

வக்கீலைப் படிக்க விட்டுவிட்டுத் துணியோடு வந்தாள். வழக்கம்போல் தாண்டினாள். டீயை ஒற்றி எடுத்தாள்.

"வயரே இல்லாம பண்ணிடப் போறேன்" என்றேன்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஏதோ ஒரு சின்னப் பெட்டி மாட்டினா போதுமாம், தம்பி சொன்னான். அவனைக் கூப்பிடவா?"

தம்பி என்றால் அவள் தம்பி. போன முறை டிவியைச் சரிசெய்ய வந்தவன், "அத்தானுக்கு ஹார்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, சாப்ட்வேர்தான் பழசு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனவன்.

"உன் தம்பி வாசல் வழியா வந்தா நான் ஜன்னல் வழியா போயிடுவேன்."

"சரிங்க, அவன் வேணாம். வயரே இருக்கட்டும்."

அந்த 'இருக்கட்டும்' என்னை மாலைக்குள் கடைக்கு அனுப்பியது. பெட்டி தீப்பெட்டி அளவில் இருந்தது. காற்றில் வருவதைப் பிடித்து ஒரு சாண் வயர் வழியாகப் பிரிண்டருக்குள் விடும் என்றான் கடைக்காரன். மாட்டினால் போதும் என்றான். கடைக்காரன் பேச்சை நம்பும் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனாலும் நம்பினேன்.

மறுநாள் விடுமுறை. மாட்டினேன். சிவப்பு விளக்கு. பாஸ்வேர்டை அடித்தேன், சிவப்பு. ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன், சிவப்பு. குண்டூசியால் அதன் முதுகில் குத்தினால் எல்லாம் மறந்துவிடும் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. கொஞ்சம் பலமாகவே குத்தினேன். மறந்தது. பிறகு பச்சை வந்தது. ஆனால் பிரிண்டருக்கு இப்போது வேறு முகவரி. கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. தம்பியிடம் போனிலாவது கேட்கட்டுமா என்றாள். என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மாலையில் வகுப்புக்கு வந்த வக்கீல் செருப்பைக் கழற்றும்போது கம்ப்யூட்டரிடம் பிரிண்டரின் புது முகவரியைச் சொன்னேன். பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பாலத்தை வெளியே தள்ளியது.

பத்து நிமிடம் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. நீல வயரைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தேன். பிரிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். அங்கிருந்தும் ஒரு பாலம் வந்தது.

"பார்த்தியா?" என்றேன்.

அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எதிராளியின் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது, அவரே முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் அவளிடம் வருகிறவர்கள் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

"உன் தம்பி வந்தா சொல்லு, சாப்ட்வேர் யாருக்குப் பழசுன்னு" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாள். காத்திருந்தாள். வக்கீலும் காத்திருந்தார்.

"இனிமே இந்தப் பிரிண்டர் எங்க வேணா இருக்கலாம். நானும் எங்க வேணா உக்காந்து வேலை பார்க்கலாம். சமையலறையில உக்காந்துகூட. அந்த ரூமே தேவையில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"ரொம்ப நல்லதுங்க" என்றாள். "அப்ப நாங்க உள்ள போயிடுறோம்."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? வயர் இல்லைங்கிறதுக்காக ஒரு பேச்சுக்கு..."

அவள் என்னோடு வாதாடவில்லை. வக்கீல் பக்கம் திரும்பினாள். அவர் மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

"அந்த ரூம் தேவையில்லைன்னு சார் தன் வாயாலயே சொன்னார். யாரும் வற்புறுத்தல. பக்கத்துல இருந்து நான் கேட்டேன்."

ஓரிடத்திலும் நிற்கவில்லை. தண்ணீர் மாதிரி வந்தது. வக்கீலே பயந்துபோய்த் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாத உழைப்புக்கு இன்றைக்குத்தான் பலன் தெரிந்தது என்றாள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார், அதையும் திக்காமல். ஒரு மனிதன் முழுமனதோடு கோபப்படக்கூட இந்த வீட்டில் இடமில்லை.

அவளுடைய வகுப்பு மேஜையின் ஒரு முனையை வக்கீல் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். என் அறையின் வாசற்படி வந்ததும், காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி உள்ளே வைத்தேன்.