அலுமாரிக்குள் போன இடது செருப்பு

பெரிய வியாழனுக்கு முதல் நாள் குருநகர்த் தேவராசா, சிமியோன் மீது யுத்தப் பிரகடனம் செய்தார். இருவரும் கிழிந்த வலை பொத்திப் பிழைப்பவர்கள். பூவரசு நிழலில் தேவராசா வழக்கமாக இருக்கும் இடத்தில் சிமியோன் தன் வலையை விரித்துவிட்டார். குற்றம் அவ்வளவுதான்.

உண்மையான யுத்தத்தையும் இருவரும் பார்த்தவர்கள். கரையில் விழுந்து வெடித்த ஒரே பீரங்கிச் செல் தேவராசாவின் இடது காலையும் சிமியோனின் வலது காலையும் கொண்டுபோனது. யாருடைய இடம், யாருடைய வலை என்று அது விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் சேர்த்து ஒரு சோடிச் செருப்புத்தான் வாங்குவது.

"இந்த முறை முழுச் சோடியும் எனக்கு. இடதை உவன் கண்ணாலையும் காணக் கூடாது," என்றார் தேவராசா.

"இல்லாத காலுக்கு என்னத்துக்கப்பா செருப்பு?" என்றாள் மனைவி அற்புதராணி.

"அலுமாரியிலை கிடக்கட்டும். அது என்ரை மானம்."

"ஓம், கிடக்கட்டும்."

இவ்வளவு பணிவைக் கண்டு அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனிதர் வெற்றி மயக்கத்தில் இருந்தார். வாங்கி வந்த புதுச் சோடியில் இடது செருப்பை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டி, திறப்பை அவளிடமே கொடுத்தார்.

வியாழன் மாலை கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரில் இவர்களும் இருந்தார்கள், அதுவும் பக்கத்தில் பக்கத்தில். தேவராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயதான சுவாமியார் முழந்தாளிட்டு, சிமியோனின் ஒற்றைக் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பிறகு இவருடையதை. குனிந்த அந்த நரைத்த தலையைப் பார்க்கத் தேவராசாவுக்குப் பழைய நாள் நினைவு வந்தது. செல் விழுந்த அன்று இரத்தத்துக்குள் கிடந்தபடி இவர் கையை விடாமல் பிடித்திருந்தவன் சிமியோன்தான். ஆனாலும் முதலில் கதைக்க மானம் விடவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் அவர் கழற்றிய வலது செருப்புக்குப் பக்கத்தில் புத்தம் புதிய இடது. அலுமாரிக்குள் இருக்க வேண்டியது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஊன்றுகோலோடு வந்த சிமியோன் அதற்குள் காலை நுழைத்தார்.

"நீ மன்னிப்புக் கேட்டனி எண்டு அற்புதராணி சொன்னவ," என்றார் கண் கலங்க. "நானெல்லோ கேட்டிருக்கோணும். உன்ரை இடம் உனக்குத்தான்."

தேவராசா மனைவியைப் பார்த்தார். அவள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பவடி மன்னிப்புக் கேட்டனான்?" என்றார் மெதுவாக.

"நீங்கள் யுத்தத்திலை நிண்டனீங்கள். உங்களுக்கு எங்கை நேரம்? அதுதான் நானே கேட்டுவிட்டனான்."